கருவிழிப் புண்ணும் ‘ஆர்’ போட்ட ரிப்போர்ட்டும்

மெட்ராஸ் ஐ வந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தானே வடிந்துவிடும். கண் சிவந்தால் எல்லோரும் முதலில் அதைத்தான் நினைக்கிறார்கள். மருந்துக்கடைக்காரரும் அதையேதான் நினைக்கிறார். ஆனால் கருவிழியில் புண் விழுந்து, அதில் குடியேறிய பாக்டீரியா வழக்கமான மருந்துக்கு மசியாத ரகமாகவும் இருந்துவிட்டால், பார்வை மிஞ்சுமா போகுமா என்பது முதல் சில நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எனக்கு வலது கண்ணில் அதுதான் வந்தது. தனியாக இருக்கிற ஆள் என்பதால் மருந்து விடுவது, ஆஸ்பத்திரிக்கு அலைவது, ராத்திரி முழிப்பு எல்லாமே என் தலையில். அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் தேவலையே என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று நமக்கும் தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும், மருந்தையும் ஒழுங்காக விடுவோம்.

ஆரம்பம் சாதாரணமானதுதான். நெல் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பைக்கில் வந்தபோது உமித்தூசி கண்ணில் விழுந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகும் உறுத்தல் போகவில்லை. மறுநாள் காலையில் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், குத்தும் வலி, பார்வையில் மங்கல். மெட்ராஸ் ஐக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் நீரும் பீளையும் அதிகம், பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்கும் தாவும், பார்வை ஓரளவு தெளிவாகவே இருக்கும். கருவிழிப் புண் பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிற்கும். வலி கடுமை, வெளிச்சம் ஆகாது, பார்வை குறையும், கறுப்பின் மேல் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ ஒரு புள்ளி தெரியும். கண்ணாடி முன் நின்று செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் அந்தப் புள்ளி உங்களுக்கே தெரியக்கூடும். தெரியாவிட்டாலும், வலியும் மங்கலும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். நேபாளத்தின் பக்தபூரில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமத்து சுகாதாரப் பணியாளர்களே 1 சதவீத குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு 3 வேளை, 3 நாள் போட்டார்கள். 2001இல் வெளிவந்த முடிவு, சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே வராமல் ஆறிவிட்டது என்பது. கீறலாக இருக்கும்போது ஒரு டியூப் களிம்பில் தீர்கிற விஷயம்தான் பிறகு மாதக்கணக்கில் இழுக்கிறது.

பக்கத்து கிளினிக்கில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5 சதவீத சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பல கிருமிகளுக்கு அது கேட்கும். என் கண்ணில் இருந்ததற்குக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் பச்சை கலந்த மஞ்சள் பீளை வடிய ஆரம்பித்தது, இமை வீங்கி மூடிக்கொண்டது. இந்தக் கட்டத்தில்தான் வீடு தேடி யோசனைகள் வரும். தாய்ப்பால் விடு, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடு, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு வை. திறந்த புண்ணில் இவை எதுவும் போகக்கூடாது. அவற்றோடு புதிதாகக் கிருமியும் போகும். இவற்றைவிட ஆபத்தானது வீட்டில் யாரோ மிச்சம் வைத்த ‘கண் சிவப்பு மருந்து’. பெயருக்குப் பின்னால் டி, டிஎக்ஸ் என்று ஒட்டியிருக்கும் பல மருந்துகளில் ஆன்டிபயாடிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிப்ரெட்னால் எல்லாமும் அதே இனம். பாட்டிலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஸ்டீராய்டு விட்டால் சிவப்பும் வலியும் சட்டென்று அடங்கும், குணமாகிறது என்று நினைத்துக்கொள்வோம். உள்ளே கிருமி, அதுவும் பூஞ்சையாக இருந்தால், தடையில்லாமல் பரவும். கருவிழிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு பயன்படுமா என்று மதுரையை முக்கிய மையமாக வைத்து 500 நோயாளிகளிடம் ஒரு பெரிய ஆய்வே நடந்தது. அதிலும் பாக்டீரியாதான் என்று கல்ச்சரில், அதாவது மாதிரியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், உறுதியாகி, 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் விட்ட பிறகே ஸ்டீராய்டைத் தொட்டார்கள். 2012இல் வந்த முடிவில் மொத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை. நொகார்டியா என்ற பாக்டீரியா உள்ளவர்களுக்கு வடு பெரிதானது. மருந்துக்கடையில் நாமே முடிவு செய்கிற சமாசாரம் இல்லை இது.

கருவிழிக்கென்று தனிப் பிரிவு உள்ள கண் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதலில் செய்தது புண்ணைச் சுரண்டி மாதிரி எடுத்தது. ‘சுரண்டுவது’ என்று கேட்டதுமே எனக்குக் கை நடுங்கியது, உண்மையில் வலிக்கவில்லை. ப்ரோபராகைன் மரப்பு மருந்து ஒரு சொட்டு விட்டு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி முன் தாடையை வைத்து உட்காரச் சொல்லி, கிமுரா ஸ்பாட்டுலா என்ற மெல்லிய தகடால் புண்ணின் ஓரத்தையும் அடியையும் லேசாக வழித்தெடுத்தார்கள். முதல் இரண்டு வழிப்பு கண்ணாடித் தகடுகளுக்குப் போயிற்று, அடுத்தவை கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய ரத்த அகார், சாக்லேட் அகார், பூஞ்சைக்கான உருளைக்கிழங்கு அகார் தட்டுகளுக்கு. தட்டில் பிறை பிறையாகக் கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் முளைப்பதுதான் கணக்கு. கோட்டுக்கு வெளியே முளைத்தால் காற்றிலிருந்து விழுந்தது என்று தள்ளிவிடுவார்கள். மாதிரி எடுப்பதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் சொட்டுகள் நிறைய விழுந்திருந்தால் தட்டில் ஒன்றுமே முளைக்காமல் போகலாம், அப்புறம் எல்லாம் குத்துமதிப்பு வைத்தியம்தான். அதனால் புண் பெரிதாகவோ கருவிழியின் நடுவிலோ இருந்தால், ‘சுரண்டி கல்ச்சர் அனுப்புறீங்களா டாக்டர்?’ என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். அதுவரை விட்ட மருந்துகளின் பாட்டில்களைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸ், டப்பா, கழுவும் திரவம் மூன்றையும் கொண்டுபோக வேண்டும். புண்ணில் கிடைக்காத கிருமி சில நேரம் டப்பாவில் கிடைக்கும்.

கண்ணாடித் தகட்டு முடிவு அன்றைக்கே வந்துவிடும். ஒரு தகட்டை, பாக்டீரியா எந்த ரகம் என்று காட்டும் கிராம் சாயம் போட்டுப் பார்ப்பார்கள், இன்னொன்றில் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பூஞ்சை இழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊரில் இந்த இரண்டாவது சோதனையை விடவே கூடாது. பயிர், உமி, சோளத்தட்டை பட்ட கண்ணில் ஃப்யூசேரியம், ஆஸ்பர்ஜிலஸ் மாதிரி பூஞ்சைகள் சர்வசாதாரணம். அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது, நாட்டாமைசின் என்ற பூஞ்சை மருந்துதான் வேண்டும். எனக்குப் பூஞ்சை இல்லை, கிராம் நெகட்டிவ் குச்சி வடிவக் கிருமிகள் தெரிந்தன. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கும் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். இந்தக் கிருமி சுரக்கும் நொதிகள் கருவிழியைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தையே கரைக்கும். கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான். வேகமான சூடோமோனாஸ் இரண்டு மூன்று நாளில் அதை ஓட்டையாக்கிவிடும் என்பதால் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்தைத் தொடங்கினார்கள்.

தொடங்கியது கடையில் கிடைக்கும் சாதாரண சொட்டு மருந்தை இல்லை, ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கலக்கும் செறிவு கூடிய மருந்தை. கணக்கு எப்படி என்றால், கடையில் விற்கும் ஜென்டாமைசின் சொட்டு 0.3 சதவீதம், 5 மில்லி பாட்டிலில் 15 மில்லிகிராம். அதோடு மில்லிக்கு 40 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தை 2 மில்லி சேர்த்தால் 7 மில்லியில் 95 மில்லிகிராம், கிட்டத்தட்ட 1.4 சதவீதம். செஃபாசோலின் என்றால் 500 மில்லிகிராம் ஊசித்தூளை 10 மில்லி திரவத்தில் கரைத்து 5 சதவீதம். இதைத் தெரிந்துகொண்டு வீட்டில் கலக்கக் கிளம்பிவிடாதீர்கள், காற்று வடிகட்டிய மேசையில் கலக்க வேண்டியது. நீங்கள் பார்க்க வேண்டியது பாட்டிலில் மருந்தின் பெயர், செறிவு, கலந்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற நான்கும் எழுதியிருக்கிறதா என்பதை. இந்த மருந்துகள் சில நாட்கள்தான் வீரியத்தோடு இருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும், ஃப்ரீஸரில் கூடாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஐஸ்கட்டி போட்ட ஃபிளாஸ்க்கோடு போவது நல்லது, பாட்டிலை ஒரு பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்தால் தண்ணீர் படாது. நிறம் மாறினாலோ, கலங்கினாலோ, துகள் மிதந்தாலோ அந்த பாட்டிலைத் தொடாதீர்கள்.

மாத்திரையோ ஊசியோ போட்டால் போதாதா என்று நானும் கேட்டேன். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, ரத்தத்தில் போகும் மருந்து அங்கே போதுமான அளவு சேராது. சொட்டு மருந்து நேராகப் போய்ச் சேரும், ஆனால் தங்காது. கண்ணுக்குள் 30 மைக்ரோலிட்டர் அளவுதான் நிற்கும், ஒரு சொட்டே அதற்கு மேல். இரண்டு சொட்டு விட்டால் இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். விட்டதிலும் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் கண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். மணிக்கொரு தரம் விடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எனக்கு இரண்டு மருந்து, முதல் 48 மணி நேரம் ராப்பகலாக மணிக்கொரு தரம். ஒன்றை முழு மணிக்கும் மற்றொன்றை அரை மணிக்கும் வைத்துக்கொண்டேன். ஒன்றை மற்றது கழுவிவிடாமல் இருக்கக் குறைந்தது 5 நிமிட இடைவெளி வேண்டும். வலி குறைய, பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் சொட்டும் விட்டிருந்தார்கள், அது விட்ட கண்ணில் எழுத்து தெரியாது, இன்னொரு கண்ணும் கூசிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு மூடியில் ரப்பர்பேண்டைச் சுற்றிவிட்டேன், தடவிப் பார்த்தே எது என்று தெரிந்துவிடும். விட்டவுடன் காகிதத்தில் ஒரு கோடு. தூக்கக் கலக்கத்தில் விட்டோமா இல்லையா என்ற சந்தேகம் ராத்திரி 3 மணிக்கு நிச்சயம் வரும், கோட்டைப் பார்த்தால் தீர்ந்தது. விட்ட பிறகு மூக்கோரத்தில் கண்ணின் உள்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவது குறையும், கசப்பும் வராது. பாட்டில் நுனி இமையில் படக்கூடாது. 5 மில்லி பாட்டிலில் சுமார் 100 சொட்டு வரும். நாளுக்கு 24 சொட்டு, தவறி விழுவதும் சேர்த்தால் மூன்று நாளில் காலியாகும். ஞாயிற்றுக்கிழமை மருந்தகம் திறந்திருக்குமா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டக்கூடாது, கட்டினால் சூட்டில் கிருமி இன்னும் பெருகும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி போதும். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் அட்மிட் செய்துகொள்ளச் சொல்லிக் கேளுங்கள். நர்ஸ் வந்து எழுப்பி மருந்து விடுவார் என்ற ஒரு காரணமே அதற்குப் போதும். எனக்குப் படுக்கை கிடைக்கவில்லை. அந்த இரவுகளில் அலாரம் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அழுகை முட்டியது. வலி ஒரு பக்கம், பக்கத்தில் ஒரு குரல் இல்லாதது அதைவிடப் பெரிய வேதனை.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோதுதான் உண்மையாகவே கால் தளர்ந்தது. கிருமி சூடோமோனாஸ் ஏருஜினோசா. அதற்குக் கீழே மருந்துப் பட்டியல், எதிரே ஆர், ஆர், ஆர் என்று வரிசையாக. சிப்ரோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின், ஜென்டாமைசின், டோப்ராமைசின், அமிகாசின், செஃப்டாசிடிம், கடைசியில் இமிபெனெமும். எஸ் என்றால் கேட்கும், ஐ என்றால் நடுத்தரம், ஆர் என்றால் கேட்காது. இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் ஆர் என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து தடவிய வட்டுகளைத் தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி முளைக்காத வளையத்தின் அகலத்தை அளந்து அந்த எழுத்தைப் போடுகிறார்கள். எவ்வளவு அகலம் இருந்தால் எஸ், எவ்வளவு குறைந்தால் ஆர் என்ற வரம்பெல்லாம் மாத்திரையோ ஊசியோ போட்டால் ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேரும் என்பதை வைத்துப் போட்டவை. கண் சொட்டுக்கென்று தனி வரம்பு கிடையாது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் 400 மில்லிகிராம் மாத்திரை போட்டால் ரத்தத்தில் மில்லிக்குச் சில மைக்ரோகிராம்தான் சேரும். சொட்டு பாட்டிலிலோ மில்லிக்கு 5,000 மைக்ரோகிராம். அதனால் ரிப்போர்ட்டில் ஆர் வந்த மருந்துக்கே புண் ஆறுவதும் உண்டு. அதற்காக ஆர் என்பதை அலட்சியம் செய்யவும் முடியாது. கிருமியை அடக்கத் தேவைப்படும் மருந்தின் அளவு கூடக்கூடப் புண் ஆறத் தாமதமாகிறது என்பதும் அதே மதுரை ஆய்வின் நோயாளிகளிடம் தெரிந்ததுதான். டாக்டர்கள் ரிப்போர்ட்டையும் கண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். கண் தேறி வந்தால் மருந்தை மாற்ற மாட்டார்கள். புண்ணும் பெரிதாகி ரிப்போர்ட்டும் ஆர் என்றால் மாற்றியே ஆக வேண்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘நேத்தைக்கு இன்னிக்குப் புண்ணோட அளவு எவ்வளவு, டாக்டர்?’ மில்லிமீட்டரில் பதில் வரும், வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் ஏன் பல மருந்துக்கு மசிவதில்லை என்றால், அதன் தற்காப்பு ஒரே இடத்தில் இல்லை. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்புகள் அதன் சுவரிலேயே உண்டு. அவை பல இன மருந்துகளை ஒருசேரத் துப்பும். மருந்து நுழையும் துளைகளை அடைத்துக்கொள்ளும். பீட்டா லாக்டமேஸ் நொதிகளால் செஃப்டாசிடிம் வகை மருந்துகளை உடைக்கும்; அந்த நொதிக்கான மரபணுவைப் பக்கத்துக் கிருமியிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023இல் அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி அங்கே விற்ற செயற்கைக் கண்ணீர் பாட்டில்களோடு தொடர்புடைய சூடோமோனாஸ் தொற்று, கார்பாபெனெம் (இமிபெனெம் இந்த இனம்தான்) உட்படக் கிட்டத்தட்ட எல்லா மருந்துக்கும் அடங்காத வகை, 18 மாநிலங்களில் 81 பேருக்கு வந்தது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது, 4 பேர் இறந்தார்கள். பலமுறை திறந்து மூடும் பாட்டில், அதில் கிருமி வளராமல் காக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை. திறந்த பாட்டில்களைச் சோதித்தபோது அதே கிருமி அவற்றுக்குள்ளும் கிடைத்தது. கெடாமல் காக்கும் பொருள் இல்லாத சொட்டு மருந்து வாங்கினால் ஒரே தடவை பயன்படுத்தும் குட்டிக் குழாயாக இருக்கட்டும். ஒன்றைத் திறந்து ராத்திரிக்கு மிச்சம் வைப்பதும் வேண்டாம்.

எனக்கு மிஞ்சிய வழி கொலிஸ்டின். ரொம்பப் பழைய மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்து இப்போது வேறு வழியில்லாமல் திரும்ப எடுக்கிறார்கள். கண்ணில் சொட்டாக விடும் அளவுக்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை. பல மருந்துக்கு மசியாத சூடோமோனாஸ் புண்ணுக்கு 0.19 சதவீதக் கொலிஸ்டின் சொட்டை ஹைதராபாத்தில் பயன்படுத்திப் பலனும் கண்டிருக்கிறார்கள். கொலிஸ்டின் கேட்குமா என்று வட்டு முறையில் பார்த்தால் நம்ப முடியாது, திரவத்தில் கரைத்துப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதனால் அந்த ஒரு வரி மட்டும் ரிப்போர்ட்டில் தாமதமாக வரலாம், பதறாதீர்கள்.

மருந்து மாற்றிய உடனே பார்வை தெளியும் என்று எதிர்பார்த்து நான் ஏமாந்தேன். பார்வை கடைசியில்தான் வரும். முதலில் குறைவது வலியும் பீளையும், பிறகு புண்ணின் ஓரம் மழுங்கும், கருவிழிக்குப் பின்னால் தேங்கிய வெள்ளைச் சீழின் மட்டம் இறங்கும், புண்ணைக் காட்ட டாக்டர் விடும் சாயம் பச்சையாகப் பிடிக்கும் பரப்பு சுருங்கும். மணிக்கொரு சொட்டிலிருந்து இரண்டு மணிக்கொன்று, நாலு மணிக்கொன்று என்று டாக்டர் குறைப்பார். நாமாகக் குறைக்கவும் கூடாது, நல்லதுதானே என்று நீட்டவும் கூடாது. செறிவு கூடிய மருந்து கிருமியோடு கருவிழியின் மேல்தோலையும் அரிக்கும், கிருமி செத்த பிறகும் புண் மூடாமல் நிற்பதற்குச் சில நேரம் மருந்தே காரணம். திடீரென்று சூடாக நீர் கொட்டி, அதோடு வலி சட்டென்று குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், கருவிழி ஓட்டையாகியிருக்கலாம். கண்ணை அழுத்தாமல் பிளாஸ்டிக் மூடி போட்டு உடனே கிளம்ப வேண்டும். சின்ன ஓட்டையைத் திசுப் பசையால் அடைத்து மேலே கான்டாக்ட் லென்ஸ் வைப்பார்கள், பெரிதென்றால் கருவிழி மாற்று அறுவைதான். எனக்கு அது வரை போகவில்லை.

செலவு, மருந்து, பரிசோதனை, பஸ், ஆட்டோ, சம்பளமில்லாத விடுப்பு எல்லாம் சேர்த்து எண்பதாயிரத்துக்குப் பக்கம் வந்தது. அதில் பாதிக்கு மேல் சம்பளப் பிடித்தம். இன்சூரன்ஸில் கேட்டபோது 24 மணி நேரம் படுக்கையில் அட்மிட் ஆகவில்லை என்று ஒரு பைசா தரவில்லை. ராத்திரி முழித்து வீட்டில் மருந்து விட்டதெல்லாம் புறநோயாளிக் கணக்காம். எரிச்சலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. கையில் இருக்கும் பாலிசியில் புறநோயாளிச் செலவு சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது கருவிழியில் வடு இருக்கிறது, நடுவுக்குச் சற்றுத் தள்ளி. வடு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி இளகும் என்பதால் கண்ணாடி பவரையோ கெட்டி லென்ஸையோ அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம் என்றார்கள். மிச்சமான பாட்டில்களை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கல்ச்சர் ரிப்போர்ட்டை மட்டும் போனில் படம் எடுத்தும், பழைய ஃபைலில் ஒரு நகலாகவும் வைத்திருக்கிறேன். நாளைக்கு அதே கண்ணில் மாற்று அறுவையோ கண்புரை அறுவையோ செய்ய வேண்டி வந்தால், எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசியவில்லை என்பதைக் கத்தியை எடுப்பதற்கு முன்பே டாக்டர் பார்க்க வேண்டும்.